கோபுர தூரம் போகும் குரல்

திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம். மீட்டரில் சொன்னால் 66. அந்த உயரத்தை அப்படியே தேரடி வீதியில் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். கலசம் இருக்கும் முனையில் ஒருவர் நின்று பாடுகிறார். அடிநிலை இருக்கும் முனையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். இடையில் முழுக்க ஜனம். குழந்தை அழுகிறது, கடலை விற்பவர் கூவுகிறார், பின்னால் நிற்கிறவர்கள் இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது.

இது நடக்கிற காரியமா என்று இன்று கேட்கத் தோன்றும். நூறாண்டுக்கு முன்பு தமிழ் நாடகத் தொழில் முழுவதும் இதை நம்பித்தான் நடந்தது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவன் காதில் பாட்டு விழாவிட்டால் மறுநாள் கொட்டகை காலி. அந்தச் சோதனையில் தேறி, பிறகு சினிமாவிலும் அதே குரலோடு நிலைத்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். அவர் குரலை ‘தெய்வீகம்’ என்று சொல்லிக் கும்பிட்டு விட்டுவிடுவது நம் வழக்கம். கும்பிடுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் குரல் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது.

தூரத்தின் கணக்கு

திறந்தவெளியில் ஒலி எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே போகும். தூரம் இரண்டு மடங்கானால் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பங்காகிறது. ஒவ்வொரு முறை தூரம் இரட்டிக்கும்போதும் ஒலியளவு 6 டெசிபல் குறையும்.

நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். 2 மீட்டரில் 54, 4 மீட்டரில் 48. இப்படியே 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டு கோபுர தூரமான 64 மீட்டருக்குப் போனால் ஆறு முறை இரட்டித்திருக்கும். ஆறாறு முப்பத்தாறு போக மிச்சம் 24 டெசிபல். அமைதியாக இருக்கும் கூட்டத்தின் முணுமுணுப்பே 40 டெசிபலைத் தாண்டும் என்பதால், பேச்சு பாதி வழியிலேயே அடங்கிவிடும்.

மறுமுனையிலும் சாதாரணப் பேச்சு போலக் காதில் விழ வேண்டுமானால், பாடுகிறவரிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 96 டெசிபல் வேண்டும். டெசிபல் கணக்கில் 36 கூடுவது என்றால், வெளிப்படும் ஒலித்திறன் ஏறத்தாழ 4,000 மடங்கு கூடுவது. நம் பேச்சில் வெளியாகும் ஒலித்திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மேடைப் பாடகர் ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்கைத் தர வேண்டும். அதையும் ஒரு நொடி கத்தித் தந்தால் போதாது. சுருதி விலகாமல், சொல் சிதையாமல், விடிய விடியத் தர வேண்டும்.

கொடுமுடியும் செங்கோட்டையும்

சுந்தராம்பாள் 1908-இல் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். வறுமைப்பட்ட குடும்பம். சிறு பெண்ணாகவே வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பாலபார்ட் எனப்படும் சிறுவர் வேடங்களில் மேடை ஏறினார். தமிழ்நாட்டு ஊர்களிலும் இலங்கையிலும் பாடி வளர்ந்தார். அந்த வயதில் அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் கொட்டகைதான்.

மேடையில் அவருக்கு இணையாகப் பாடிய எஸ்.ஜி.கிட்டப்பா 1906-இல் செங்கோட்டையில் பிறந்தவர். அவரும் பிள்ளைப் பருவத்திலேயே மேடைக்கு வந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களில் கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் எதிரெதிரே நின்று பாடியதைக் கேட்க ஜனம் திரண்டது. 1927-இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். அந்த இணை நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. தமிழில் பேசும் படம் வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. கிட்டப்பா ஒரு படத்தில்கூட நடிக்கவில்லை. இசைத்தட்டுகளில் இருப்பதுதான் நமக்கு மிச்சம்.

சுந்தராம்பாள் அன்றிலிருந்து வெள்ளைப் புடவை கட்டினார். எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அப்படியிருந்தும் 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடித்தார், நந்தனார் என்ற ஆண் வேடத்தில். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். இந்தியாவில் அதுவரை எந்த நடிகரும் எட்டாத தொகையாக அது பேசப்பட்டது. அந்த ஒரு லட்சம் எந்தக் குரலுக்குக் கொடுக்கப்பட்டதோ, அந்தக் குரலுக்குள் இப்போது நுழைவோம்.

தொண்டைக்குள் நடப்பது

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. பெண்ணுக்கு அவை சுமார் 1 சென்டிமீட்டர், ஆணுக்கு 1½ சென்டிமீட்டர் நீளம். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் திறக்கிறது, அவை உடனே மூடிக்கொள்கின்றன. பேசும்போது ஆணுக்கு நொடிக்கு 120 முறை, பெண்ணுக்கு 200 முறை என்ற அளவில் இது நடக்கிறது. மேல் ஸ்தாயியில் பாடும்போது நொடிக்கு 400, 500 முறை. பத்து நொடி ஒரு சுரத்தில் கார்வை கொடுத்தால் நாண்கள் நாலாயிரம், ஐயாயிரம் முறை ஒன்றோடொன்று மோதி விலகியிருக்கும்.

ஒலியைக் கூட்ட இரண்டு வழி. முதலாவது, கீழிருந்து வரும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டுவது. பேச்சுக்குத் தேவைப்படும் அழுத்தம் ஒரு குழாயில் தண்ணீரை ஆறேழு சென்டிமீட்டர் உயர்த்தக் கூடியது. மேடைப் பாட்டுக்கு அது 30 சென்டிமீட்டரைத் தாண்டலாம். அழுத்தம் இரட்டித்தால் ஒலியளவு எட்டு, ஒன்பது டெசிபல் உயரும். ‘அடிவயிற்றிலிருந்து பாடு’ என்று வாத்தியார்கள் சொன்னதன் பொருள் இதுதான். வயிற்றுத் தசையும் விலாத் தசையும் காற்றைச் சீராகத் தள்ளினால் தொண்டைத் தசைகள் திமிறத் தேவையில்லை.

இரண்டாவது வழி நாண்கள் மூடும் வேகம். அவை பட்டென்று மூடினால் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் மேற்சுரங்களும் வலுவாகப் பிறக்கின்றன. மெத்தென்று மூடினால் அவை மெலிந்துபோகின்றன. தாலாட்டுப் பாடும் குரலுக்கும் ‘கணீர்’ குரலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சுந்தராம்பாளின் குரலில் நாம் கேட்கும் அந்த வெண்கலத் தன்மை, மேற்சுரங்கள் செழித்திருப்பதன் அடையாளம்.

சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் நடிகர்கள் நடுங்கிய ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பையனின் குரல் உடைந்துவிடும். டெஸ்டோஸ்டீரோன் சுரந்து குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடித்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. நேற்றுவரை ராஜபார்ட் என்ற நாயக வேடம் போட்ட பையன் இன்று மேடை ஓரத்துக்குத் தள்ளப்படுவான். பி.யு.சின்னப்பா போன்ற பெரிய பாடகரையே இது சில காலம் மேடையிலிருந்து விலக்கியது. பெண் குழந்தைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறும், ஆனால் இறங்குவது இரண்டு மூன்று சுரம்தான். எனவே சுந்தராம்பாள் எட்டு வயதில் பழகிய குரல் வித்தை அறுபது வயது வரை அறுபடாமல் தொடர முடிந்தது. கிட்டப்பாவின் அதிசயம் வேறு வகை. மகரக்கட்டைத் தாண்டிய பிறகும் பெண்களுக்குரிய மேல் ஸ்தாயியில் அவரால் அநாயாசமாக உலவ முடிந்தது.

ஐந்து கட்டையின் ரகசியம்

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்வது நம் வழக்கம். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையில், ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். அன்றைய நாடக மேடையில் ஐந்து கட்டைக் குரலுக்குத்தான் மதிப்பு. ஏன் அவ்வளவு உயரம்?

ஐந்து கட்டையில் ஆதார சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதன் மேல் சட்ஜம் 392. அங்கே நின்று ‘ஆ’ என்று வாயை அகலத் திறந்து பாடினால் என்ன ஆகிறது? குரல்நாண்கள் 392-ஐயும் அதன் இரட்டிப்பான 784-ஐயும் அதற்கு மேலுள்ள மேற்சுரங்களையும் எழுப்புகின்றன. தொண்டை முதல் உதடு வரை உள்ள குழாய்க்கும் தனக்கென்று சில ஒத்ததிர்வுகள் உண்டு. ஒலியியலில் இவற்றை ஃபார்மன்ட் என்பார்கள். ‘ஆ’ என்ற உயிருக்கு அந்தக் குழாயின் முதல் ஒத்ததிர்வு 700-க்கும் 900-க்கும் இடையில் இருக்கிறது. 784 சரியாக அதற்குள் வந்து விழுகிறது! நாண்கள் எழுப்பிய முதல் மேற்சுரத்தை வாய்க்குழி தன் பங்குக்குப் பெருக்கி அனுப்புகிறது. அதிகச் சிரமம் இல்லாமல் பல டெசிபல் லாபம். இதே ‘ஆ’வை ஒரு கட்டையில் கீழே இறங்கிப் பாடினால் முதல் இரண்டு சுரங்களும் அந்த ஒத்ததிர்வுக்கு வெகு கீழே நின்றுவிடும். அந்த உதவி அந்த அளவுக்குக் கிடைக்காது. எந்த ஆய்வகமும் சொல்லித் தராமல், கடைசி வரிசையின் கைதட்டலை வைத்தே நம் நடிகர்கள் இந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

மேலை நாட்டு ஓபரா பாடகர்களுக்கும் இதே நெருக்கடி இருந்தது. பெரிய வாத்தியக் குழுவை மீறிக் கேட்க வேண்டும். ஸ்வீடன் ஆய்வாளர் ஜோஹன் சண்ட்பெரி 1970-களில் அவர்கள் குரலைப் பகுத்துப் பார்த்தார். வாத்தியங்களின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸ் அருகே குவிந்து, மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்கள் குரல்வளையைத் தாழ்த்தி, 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் குவிக்கிறார்கள். வாத்தியங்கள் காலியாக விட்ட இடத்தில் குரல் புகுந்துகொள்கிறது. நம் மேடைக்காரர்கள் வாயை அகலத் திறந்து, சுருதியை உயர்த்தி, நாண்களை இறுக மூடி வேறு வழியில் போனார்கள். இரு வழிகளும் தேடியது ஒன்றைத்தான்: மற்ற ஒலிகள் குறைவாக உள்ள ஒலிப்பகுதி.

கேட்பவர் காதும் இதற்குத் துணை செய்கிறது. செவித்துளையின் நீளம் சுமார் 2½ சென்டிமீட்டர். ஒரு முனை மூடிய அந்தச் சிறு குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இயல்பாகவே பெருக்கிக் காட்டும். குழந்தையின் வீறலும் வெண்கல மணியும் எங்கிருந்தாலும் நம்மை எட்டுவது இதனால்தான். மேற்சுரம் நிறைந்த குரலுக்கும் அந்தச் சலுகை உண்டு.

ஒலி எட்டினால் மட்டும் போதாது, சொல்லும் எட்ட வேண்டும். உயிரெழுத்துகளுக்கு ஆற்றல் அதிகம், மெய்யெழுத்துகளுக்கு மிகக் குறைவு. தூரம் கூடக் கூட முதலில் தொலைவது மெய்தான். ‘ஆ’வும் ‘ஏ’வும் கேட்கும், நடுவில் இருப்பது வல்லினமா மெல்லினமா என்று தெரியாது. சுந்தராம்பாளின் பழைய பதிவு எதையாவது எடுத்துக் கேளுங்கள். உயிரை எவ்வளவு நீட்டினாலும் அடுத்து வரும் மெய்யை ஓர் அழுத்தத்தோடு வைத்துவிட்டே நகர்வார். றகரமும் ழகரமும் தனித்தனியாகக் காதில் விழும். தமிழ் உச்சரிப்பின் அழகு என்று நாம் ரசிப்பது, அடிப்படையில் தூரத்துக்கு எதிராக அவர் எடுத்த முன்னேற்பாடு.

ராத்திரி செய்யும் உதவி

நாடகமும் கூத்தும் ஏன் இரவில் நடக்கின்றன? பகலில் வயல் வேலை இருக்கிறது என்பது ஒரு காரணம். காற்றிலும் ஒரு காரணம் இருக்கிறது.

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை கொதிக்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப் போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். கீழே வேகம், மேலே மந்தம் என்பதால் ஒலியலை மேல் நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. இரவில் இது தலைகீழ். தெளிந்த வானமும் அசையாத காற்றும் உள்ள ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே உள்ள காற்று இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. மேலே போன ஒலி வளைந்து கீழே, ஜனங்களிடமே திரும்பி வருகிறது. ஊரின் இரைச்சலும் அடங்கியிருக்கும். நடுநிசியில் அடுத்த ஊர்க் கூத்து நம் வாசலில் நடப்பதுபோலக் கேட்பதில் மாயம் ஏதும் இல்லை.

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்றும் இதை நேரில் அறியலாம். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் பாரதக் கூத்து. படுகளமும் தீமிதியுமாக விழா முடியும். செய்யாறு பக்கம் புரிசை கிராமம் இந்தக் கலையின் தாய்வீடுகளில் ஒன்று. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் தம்பிரான் குடும்பத்தில் வந்த புரிசை கண்ணப்ப தம்பிரான், சென்னையின் கூத்துப்பட்டறை நடிகர்களுக்கும் பயிற்சி தந்தவர். நகரத்து நடிகர்கள் உடலையும் குரலையும் கற்கக் கூத்து நடக்கும் இடமான களரிக்குப் போனார்கள்.

களரியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வேஷக்காரர் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை. எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் குடைந்தவை. திரைக்குப் பின்னால் வந்து, அங்கிருந்தே பாட்டைத் தொடங்குவார். திரை விலகியதும் ‘கிறுக்கி’ என்ற சுழல் ஆட்டம் ஆடுவார். சுழன்று நிற்கும்போது மார்பு ஏறி இறங்கும். அந்த மூச்சுத் தட்டுப்பாட்டில் அடுத்த அடியை எப்படிப் பாடுவது? அங்கேதான் பின்பாட்டுக்காரர்கள் கைகொடுக்கிறார்கள். அவர் விட்ட அடியை அவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். அந்தச் சில நொடியில் நுரையீரல் நிரம்பிவிடும். கேட்பவருக்கும் லாபம்: முதல் முறை காற்றில் தவறிய சொல் இரண்டாம் முறை காதில் விழுகிறது. பக்கத்தில் ஒலிக்கும் முகவீணையைக் கவனியுங்கள். நாகசுரத்தின் சிறிய வடிவம், சுருதி மிக உயரம். சுந்தராம்பாள் குரல் தேர்ந்துகொண்ட அதே ஒலிப்பகுதியில்தான் அதுவும் தாளமும் ஒலிக்கின்றன.

மைக்குக்கு முன்னால்

1925-இல் மின்முறை ஒலிப்பதிவு மேலை நாடுகளில் வந்தது. அதற்கு முன் இசைத்தட்டுக்குப் பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலியின் வலிமையே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு கீறும். மைக் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டின் சுருதி கீழே இறங்கியது. காதருகே பேசுவதுபோலப் பாடும் ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீனிவாஸும் நமக்குக் கிடைத்தார்கள். அந்த மென்மையும் ஒரு பெரும் வரம்தான். ஆனால் ஐந்து கட்டைக் குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

சுந்தராம்பாள் ஓயவில்லை. 1940-இல் ‘மணிமேகலை’. 1953-இல் எஸ்.எஸ்.வாசனின் ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1965-இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடி ஔவையார். கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை அழைக்கும் அந்தக் காட்சியில் அவருக்கு வயது 56. பெண்களுக்கு ஐம்பதுக்கு மேல் ஹார்மோன் மாற்றத்தால் குரல்நாண்கள் தடித்துக் குரல் கனப்பது இயல்பு. அவருக்கும் கனத்தது. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகும் பாதை அடைபடவில்லை. நாண்கள் பட்டென்று மூடும் வித்தை கைவிடவில்லை. 1969-இல் வந்த ‘துணைவன்’ படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றபோது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். 1970-இல் பத்மஸ்ரீ. இதற்கிடையே காங்கிரஸ் மேடைகளில் சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் பாடியவர், 1950-களில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1980-இல் காலமானார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுமை பெறாது. அந்தக் காலத்தில் உரக்கப் பாடிய எல்லோரும் சுந்தராம்பாள் ஆகவில்லை. தவறான முறையில் கத்திய குரல்நாண்களில் காய்ப்பு விழும், முடிச்சு விழும், குரல் கம்மும். அப்படிக் குரல் போய் மேடையை விட்டவர்களின் பெயர் எந்த விளம்பர நோட்டீஸிலும் தொடர்ந்து வந்திருக்காது. நமக்குத் தெரிந்த பெயர்கள் தாங்கி நின்றவர்களின் பெயர்கள். பிறவிக் கொடையும், சிறுவயதுப் பயிற்சியும், மூச்சின் ஒழுங்கும் ஒரே உடலில் சேர்ந்தவர்களே தாங்கினார்கள். அவர் குரல் தெய்வம் தந்தது என்றால், அதை அறுபது வயது வரை காத்தது அவருடைய உழைப்பு.

கிட்டப்பாவின் தொண்டையையோ சுந்தராம்பாளின் மூச்சையோ இனி யாரும் அளந்து பார்க்க முடியாது. ஆனால் அவர்கள் கையாண்ட குரல் அறிவு திருவண்ணாமலை மாவட்டத்துக் களரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வயதான வாத்தியார்கள் அதை உடம்பால் அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் களரிகளிலும் இன்று மேலே மைக் தொங்குகிறது. அதை நம்பி வளரும் அடுத்த தலைமுறைக்கு அந்த அறிவு தேவைப்படாமலே போகலாம். இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் இயற்பியலும் தமிழும் படிக்கும் பிள்ளைகளிடம் இன்று ஒலியளவைக் காட்டும் கைபேசி இருக்கிறது, ஒலியைப் பகுத்துக் காட்டும் இலவச மென்பொருள் இருக்கிறது. அவர்கள் ஓர் இரவு கூத்துக் களரிக்குப் போய், பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, மைக்கை அணைக்கச் சொல்லி அந்தக் குரல்களைப் பதிவு செய்ய வேண்டும், அளக்க வேண்டும், கூத்துக் கலைஞர்கள் மூச்சு வாங்கும் முறையைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். வருகிற பங்குனியிலேயே தொடங்கலாம்.